கே.டி. கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்

2014ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகரையொட்டி இயங்கும் டிஸ்னி பூங்காக்களின் கணினிப் பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 250 ஊழியர்களுக்கு, அவர்களுடைய வேலை 2015 ஜனவரி 30ஆம் தேதியுடன் முடிந்துவிடும் என்று தெரிவிக்கப்பட்டது. கூட்டத்துக்கு அழைத்தபோது, ஏதோ ஊக்கத்தொகை அறிவிக்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சென்றவரும் அவர்களில் உண்டு. மீதமிருந்த 90 நாள்களில் அவர்கள் செய்ய வேண்டியிருந்த முதன்மையான பணி, தங்கள் இடத்துக்கு வருகிறவர்களுக்குத் தங்கள் வேலையைக் கற்றுக்கொடுப்பது. வந்தவர்களை அனுப்பியது எச்.சி.எல். என்னும் இந்திய நிறுவனம்; அவர்களில் பலர் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் வந்த இந்தியர்கள்.

ஏறக்குறைய அதே மாதங்களில் நாட்டின் மறுகோடியில், சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் என்னும் மின்வழங்கல் நிறுவனம் தன் கணினிப் பிரிவில் 400 பேர் வரை நீக்கியது. மேலும் 100 பேர் வரை தாமாக விலகினார்கள். அங்கே அந்த வேலைகளைப் பெற்றவை டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் ஆகிய இரு நிறுவனங்கள். 2017 பிப்ரவரி இறுதியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்திலும் இதே நடந்தது. அங்கே வந்தது மறுபடியும் எச்.சி.எல்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவை பெரிய நிகழ்வுகள் அல்ல. இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் மேடாக் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலை 2004இல் மூடப்பட்டு, அதன் வேலைகள் மெக்சிகோவின் ரெய்னோசா நகருக்குப் போனபோது, அந்த ஒரு வாசலில் மட்டும் சுமார் 1,600 பேர் வெளியேறினார்கள். ஆனாலும் கணினித் துறையினரின் கதையைத் தனியே எடுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தொழிற்சாலை இடம்பெயரும்போது எந்திரங்களைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம். ஒரு நிறுவனத்தின் மென்பொருளை இருபது ஆண்டுகளாகப் பேணி வந்த ஒருவருடைய வேலை இடம்பெயர வேண்டுமென்றால், அவர் மனத்துக்குள் இருப்பதை முதலில் வெளியே எடுத்தாக வேண்டும். அதை எடுப்பதற்கு அவருடைய ஒத்துழைப்பு தேவை. வேலையிழப்பு என்பதன் உள்ளமைப்பு இந்த இடத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

அந்த எடுத்தலுக்குச் சென்னையில் ஒரு சுருக்கப் பெயர் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த அலுவலகத்தின் உணவுக்கூடத்தில் உட்கார்ந்தாலும் அந்தச் சொல் காதில் விழும்: கே.டி. அறிவுப் பரிமாற்றம் என்பதற்கான ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். ‘அடுத்த வாரம் கே.டி. தொடங்குகிறது’, ‘கே.டி. சரியாகக் கிடைக்கவில்லை’ என்றெல்லாம் அன்றாடம் பேசுகிறோம். இதற்கென்று வகுத்த முறையும் இருக்கிறது. முதலில், வேலையை ஒப்படைப்பவர் நாள்தோறும் சில மணி நேரம் விளக்குகிறார். அதைப் பதிவுசெய்து, படிப்படியான குறிப்புகளாக எழுதிக்கொள்கிறார்கள். அடுத்து ‘ஷேடோ’ கட்டம்: அவர் வேலை செய்வதைப் புதியவர் நிழலைப் போல உடனிருந்து பார்க்கிறார். அதற்கடுத்தது ‘ரிவர்ஸ் ஷேடோ’: இப்போது புதியவர் வேலை செய்ய, பழையவர் உடனிருந்து பார்த்துத் திருத்துகிறார். திருத்த வேண்டிய தேவை குறைந்துவிட்டது என்று இரு தரப்பும் கையெழுத்திட்டதும் பழையவருடைய அடையாள அட்டை செயலிழக்கிறது. அதன்பின் வேலையின் பெரும்பகுதி சென்னைக்கோ பெங்களூருக்கோ நொய்டாவுக்கோ போகிறது. வாடிக்கையாளரின் அலுவலகத்தில் சிலர் மட்டும் ‘ஆன்சைட்’ ஆட்களாகத் தங்குகிறார்கள். பத்தில் மூவர் அங்கே, எழுவர் இங்கே என்பது நெடுநாள் வழக்கத்திலிருந்த கணக்கு.

நான் இந்தத் துறையில் இருந்தவன். கே.டி. நடக்கும் தொலைபேசி அழைப்புகளின் இந்த முனையில் உட்கார்ந்தவன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அமைப்பை எங்கள் குழு ஏற்றுக்கொண்டபோது, மறுமுனையில் எங்களுக்கு விளக்கியவர் அந்த இடத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை செய்திருந்தார். ஒவ்வொரு காலாண்டின் கடைசி வேலை நாளிலும், தானாக ஓடும் ஒரு நிரலை நள்ளிரவுக்கு முன் கையால் நிறுத்திவைத்து, ஒரு கிளையிலிருந்து வரும் கோப்பு வந்து சேர்ந்த பிறகுதான் விட வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை அந்தக் கோப்பு தாமதமாகி, ஆயிரக்கணக்கானோருக்குத் தவறான தொகையுடன் கடிதம் போய்விட்டதாம். அதிலிருந்து அவரே அந்த நாளில் விழித்திருக்கிறார். எந்த ஆவணத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. கே.டி. முடிந்ததும் அவர் வேறு பிரிவுக்குப் போகிறார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு சந்தேகம் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சல், அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.

வேலையை இழக்கப்போகிறவர் ஏன் கற்றுக்கொடுக்கச் சம்மதிக்கிறார் என்ற கேள்வி இயல்பாக எழும். அமெரிக்கச் சட்டங்களையும் அங்கே ஒரு குடும்பம் ஓடும் விதத்தையும் அறிந்தால், மறுப்பதற்கு அவருக்கு எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்பது புரியும். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பெருமளவில் ஆட்களைக் குறைப்பதற்கு 60 நாள்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. ஆனால், விலகும்போது பணிக்கொடையாக ஒரு தொகை தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ‘செவரன்ஸ்’ எனப்படும் அந்தத் தொகை நிறுவனம் விரும்பித் தருவது. ஆகவே அதற்கு நிபந்தனைகள் விதிக்கவும் நிறுவனத்தால் முடிகிறது. கடைசி நாள் வரை ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், வருகிறவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், வழக்குத் தொடுக்கும் உரிமையை எழுத்துமூலம் விட்டுக்கொடுக்க வேண்டும், நிறுவனத்தைப் பற்றி வெளியே குறையாகப் பேசக் கூடாது என்பவை வழக்கமான நிபந்தனைகள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான உரிமையை விட்டுக்கொடுக்கும் முன், கூட்டாக நீக்கப்படும்போது 45 நாள்கள் யோசிக்கவும், கையெழுத்திட்ட பின் 7 நாள்களுக்குள் பின்வாங்கவும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் அவகாசம் தருகிறது. யோசிக்க நாள் கிடைக்கிறதே தவிர, யோசித்துத் தேர்ந்தெடுக்க வேறு வழி கிடைப்பதில்லை.

ஏனென்றால், வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதே காப்பீட்டைப் பொதுவாக 18 மாதங்கள் தொடரலாம். ஆனால் அதுவரை முதலாளி செலுத்திவந்த பங்கையும் சேர்த்து முழுக் கட்டணத்தையும், அதற்கு மேல் நூற்றுக்கு இரண்டு வீதம் நிர்வாகச் செலவையும் ஊழியரே செலுத்த வேண்டும். வேலையில்லாதோர் உதவித்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆர்லாண்டோ இருக்கும் ஃபுளோரிடாவில் அதன் உச்சவரம்பு வாரத்துக்கு 275 டாலர். ஐம்பது வயதில், வீட்டுக்கடனும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் இருக்கும் ஒருவருக்கு, 90 நாள் சம்பளத்தையும் விலகல் தொகையையும் உதறிவிட்டு எழுந்து போவது என்பது நடக்கக்கூடிய காரியம் அன்று. டிஸ்னியின் முன்னாள் ஊழியர் ஒருவர் 2016 பிப்ரவரியில் செனட் துணைக்குழு முன் சாட்சியம் அளித்தபோது, பேச முடியாமல் நா தழுதழுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த இன்னொரு விசாரணையில், எடிசன் ஊழியர்களின் வாக்குமூலங்கள் பெயர் சொல்லப்படாமலே குழுவின் முன் வைக்கப்பட்டன.

இனி நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கலாம். ஹோவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரான் ஹிரா 2015 மார்ச்சில் செனட் நீதித்துறைக் குழுவிடம் தந்த விவரங்களின்படி, எடிசன் நிறுவனத்தின் கணினி ஊழியர்களின் ஆண்டுச் சராசரிச் சம்பளம் ஏறத்தாழ 1,10,000 டாலர்; டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் இரண்டும் தம் எச்-1பி ஊழியர்களுக்குத் தந்த சராசரி 65,000 டாலரிலிருந்து 71,000 டாலர் வரை. இந்த வேறுபாடு அமெரிக்க மண்ணில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் அவர் இடத்தில் அதே மண்ணில் வந்து உட்காருபவருக்கும் இடையிலானது மட்டுமே. அவருக்குப் பின்னால் சென்னையில் இருக்கும் எழுவரில் ஒவ்வொருவரின் சம்பளமும் இதில் ஒரு சிறு பின்னம். எச்-1பி விசாவையும் வேலையைக் கடல் கடந்து அனுப்புவதையும் இரு வேறு பிரச்சினைகளாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. என் கருத்தில் அவை ஒரே எந்திரத்தின் இரு சக்கரங்கள். கே.டி. பெற்றுக்கொள்ள நேரில் வருகிறவர் இல்லாமல், வேலை கடல் கடந்து போவது அன்றைக்கு அரிது. இந்தியாவின் வர்த்தக அமைச்சராக இருந்த கமல்நாத், 2007இல் இந்த விசாவை ‘அவுட்சோர்சிங் விசா’ என்றே வெளிப்படையாகக் குறிப்பிட்டார்.

உள்ளூர் ஊழியரை நீக்கிவிட்டு விசா ஊழியரை வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்கிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஊழியர்களில் 15 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எச்-1பி விசாவில் இருக்கும் பெரிய நிறுவனங்கள், தம் வாடிக்கையாளரிடத்திலும் அமெரிக்க ஊழியர் எவரும் இடம்பெயர்க்கப்படவில்லை என்று உறுதி கூற வேண்டும் என 1998ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. அதே திருத்தம், அந்த விசா ஊழியருக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் தந்தாலோ அவர் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தாலோ இந்த உறுதிமொழி தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. அன்றைக்கு 60,000 டாலர் நல்ல சம்பளம். விலைவாசியோடு அது உயர வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மேலே சொன்ன 65,000 டாலர் ஏன் 65,000 டாலராக இருந்தது என்பதற்கு இதில் பாதி விளக்கம் கிடைக்கிறது. மீதி விளக்கம், அந்தந்த ஊரில் வழங்கும் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்ற விதியில் இருக்கிறது: அந்தச் சம்பளம் நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டது, முதல் இரண்டு படிகளுமே அந்த ஊரின் இடைநிலைச் சம்பளத்துக்குக் கீழே அமைந்தவை. ஆகவே 2015இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை எடிசன் விவகாரத்தில் இரு இந்திய நிறுவனங்களையும் விசாரித்தபோது, சட்ட மீறல் என்று நிறுவ எதுவும் கிடைக்கவில்லை. நடந்தது முழுவதும் சட்டத்துக்குள்தான் நடந்தது. நடந்ததைக் காட்டிலும் இது எனக்குப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததும் அல்ல. 1990களின் இறுதியில், ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதியிருந்த பழைய நிரல்களை 2000ஆம் ஆண்டு பிறப்பதற்குள் திருத்த வேண்டியிருந்தபோது, அமெரிக்க நிறுவனங்கள் இந்தியப் பொறியாளர்களிடம் முதன்முறையாகத் தம் அமைப்புகளின் உட்புறத்தைப் பெருமளவில் திறந்து காட்டின. 1994இல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட் போன்ற நிறுவனங்கள் அந்த அலையில் வளர்ந்தவை. அடுத்து, இணைய நிறுவனங்களின் வீழ்ச்சிக்குப் பிறகு கடலடிக் கண்ணாடி இழைத்தடங்கள் மலிவாகின; 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ தடம் இயங்கத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் மாலை கணினியை மூடும்போது சென்னையில் காலை கணினி திறக்கும் ஏற்பாடு அதன்பின் நாள்தோறும் நடக்கும் வழக்கமாயிற்று.

நீண்ட காலம் ஒரே வேலையில் இருந்தவர் அதை இழப்பதும், ஓராண்டு இருந்தவர் இழப்பதும் ஒன்றல்ல என்பதைப் பொருளியலாளர்கள் நெடுநாள்களாக அளந்து வந்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 1984 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் கணக்கெடுப்பில், மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஒரே வேலையில் இருந்து நீக்கப்பட்டவர்களைத் தனிப்பிரிவாகவே எண்ணுகிறார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில், ஒரே நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து நீக்கப்பட்டவர்களை ஆராய்ந்த ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் ஆகிய மூவரின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரை இத்துறையில் அடித்தளமானது. வேலையிழந்து ஆறு ஆண்டுகள் கழிந்த பிறகும் அவர்களுடைய வருமானம், இழக்காதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாகவே இருந்தது. வேலை கிடைத்துவிட்டது, பழைய சம்பளம் திரும்பவில்லை.

இதற்கு அவர்கள் தரும் விளக்கம் மேலே சொன்ன காலாண்டு இறுதி நாளின் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் இருபது ஆண்டுகள் இருந்தவருடைய சம்பளத்தில் ஒரு பகுதி, எங்கு போனாலும் விலைபோகும் திறமைக்கானது. இன்னொரு பகுதி, அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றி மட்டும் அவருக்குத் தெரிந்தவற்றுக்கானது. எந்தக் கோப்பு எந்த நாளில் தாமதமாகும், எந்த மேலாளரிடம் எதை எப்படிச் சொல்ல வேண்டும், எந்தப் பிழை உண்மையில் பிழை அன்று என்பவையெல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் பொன். வாசலைத் தாண்டினால் அவற்றுக்கு விலையில்லை. அவர் அடுத்த வேலைக்குப் போகும்போது முதல் பகுதியை மட்டுமே எடுத்துச் செல்கிறார். இரண்டாம் பகுதியைத்தான் கே.டி. வாங்கிக்கொள்கிறது.

உடல்நலத்தையும் இதே தரவுகளிலிருந்து அளந்திருக்கிறார்கள். சல்லிவனும் ஃபான் வாக்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, பென்சில்வேனியாவில் நீண்டகாலப் பணியிலிருந்து நீக்கப்பட்ட ஆண்களின் இறப்பு விகிதம், நீக்கப்பட்டதை அடுத்த ஆண்டில் 50 முதல் 100 விழுக்காடு வரை கூடியது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது. நாற்பது வயதில் நீக்கப்பட்ட ஒருவருக்கு இது ஆயுளில் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை குறைவதற்குச் சமம். பெருமளவு ஆட்குறைப்பில் வேலையிழந்த ஆண்களைப் பற்றி டேவிஸும் ஃபான் வாக்டரும் 2011இல் எழுதிய மற்றோர் ஆய்வில், நாட்டில் வேலையின்மை 6 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் நல்ல காலத்தில் நீக்கப்பட்டவர்கூட வாழ்நாளில் இழக்கும் வருமானம் ஏறக்குறைய 1.4 ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம் என்றும், வேலையின்மை 8 விழுக்காட்டைத் தாண்டிய காலத்தில் அது 2.8 ஆண்டுச் சம்பளமாக இரட்டிக்கிறது என்றும் கண்டார்கள். சில வாரச் சம்பளத்தை விலகல் தொகையாகப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுகிறவருக்கு முன்னால் இந்த எண்களை யாரும் வைப்பதில்லை.

மறுதரப்பு வாதத்தையும் அதன் முழு வலிமையோடு சொல்ல வேண்டும். 2004 பிப்ரவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த கிரெகரி மான்கியூ, வேலையை வெளிநாட்டுக்கு அனுப்புவது நீண்டகால நோக்கில் நாட்டின் பொருளாதாரத்துக்கு நன்மையாகவே இருக்கலாம் என்ற பொருளில் பேசிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். பொருளியல் பாடநூலின்படி அவர் சொன்னதில் தவறில்லை. செலவு குறைந்தால் விலை குறையும், லாபம் கூடும், அந்தப் பணம் வேறு தொழில்களில் புகும், புதிய வேலைகள் தோன்றும். மெக்கின்சி நிறுவனம் 2003இல் செய்த கணக்கு, இந்தியாவுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு டாலர் வேலைக்கும் அமெரிக்காவுக்கு 1.12 டாலரிலிருந்து 1.14 டாலர் வரை பயன் திரும்புகிறது என்றது. டிஸ்னியும்கூட, இது ஒரு மறுசீரமைப்பு என்றும், நீக்கிய இடங்களைவிட அதிக இடங்களை உருவாக்கியிருப்பதாகவும் விளக்கம் அளித்தது. நீக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் அதே நிறுவனத்தில் வேறு வேலைக்குப் போகவும் செய்தார்கள்.

இந்த வாதத்தின் குறை அதன் கூட்டலில் இல்லை. கூட்டிய பிறகு செய்ய வேண்டிய பகிர்வில் இருக்கிறது. ஆதாயம் அடைந்தவர்கள், இழந்தவர்களுக்கு ஈடு செய்த பிறகும் அவர்களிடம் மிச்சம் இருக்கும் என்பதுதான் தாராள வணிகத்துக்கான பொருளியல் நியாயம். ‘ஈடு செய்ய முடியும்’ என்பது மெல்ல ‘ஈடு செய்தாயிற்று’ என்பதைப் போலப் பேசப்பட்டுவிட்டது. உண்மையில் அமெரிக்கா இதற்கென்று ஒரு திட்டம் வைத்திருந்தது. 1962இல் அதிபர் கென்னடியின் காலத்தில், வெளிநாட்டு வணிகத்தால் வேலையிழந்தவர்களுக்கு மறுபயிற்சியும் உதவித்தொகையும் தரும் வணிகச் சீரமைப்பு உதவித் திட்டம் சட்டமாயிற்று. ஆனால் அது தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வேலையிழந்தவர் ‘பொருள்’ ஒன்றைத் தயாரித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. மென்பொருள் எழுதியவர்கள் விண்ணப்பித்தபோது, கையால் தொட முடியாத நிரல் ஒரு பொருள் அன்று என்று தொழிலாளர் துறை பல முறை தள்ளுபடி செய்தது. பன்னாட்டு வணிக நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்த பிறகே, 2006இல் துறை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2009இல் சேவைத் துறையினர் அனைவரும் திட்டத்துக்குள் வந்தார்கள். 2014 தொடக்கத்தில் அந்த விரிவாக்கம் காலாவதியாகி, 2015 ஜூன் இறுதியில்தான் மீண்டும் உயிர்பெற்றது. டிஸ்னியிலும் எடிசனிலும் ஆட்கள் நீக்கப்பட்ட மாதங்கள் சரியாக இந்த இடைவெளியில் விழுகின்றன. 2022 ஜூலை 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்குச் சான்று வழங்குவதே நின்றுவிட்டது. அறுபது ஆண்டுகள் குறைகளோடு நடந்த ஒரு வாக்குறுதி, அவ்வளவாக யாருடைய கவனத்தையும் ஈர்க்காமல் முடிந்துபோனது.

நீதிமன்றம் போனவர்களுக்கும் பெரும்பாலும் பயன் கிட்டவில்லை. டிஸ்னியின் முன்னாள் ஊழியர்கள் இருவர் தொடுத்த, கூட்டுச்சதி என்ற அடிப்படையிலான வழக்குகளை 2016 அக்டோபரில் கூட்டாட்சி நீதிபதி தள்ளுபடி செய்தார். டி.சி.எஸ். மீது இனப் பாகுபாடு சுமத்திய வழக்கில், 2018இல் நடுவர் குழு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் காக்னிசன்ட் மீதான வழக்கில் மட்டும், இந்தியர் அல்லாத ஊழியர்களிடம் தொடர்ச்சியான பாகுபாடு காட்டப்பட்டது என்று நடுவர் குழு முடிவு செய்தது. அரசியல் தலையீட்டால் வேலை தப்பியதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் கணினி வேலைகளை வெளியே ஒப்படைக்க முயன்றபோது, 2020 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் அதன் தலைவரைப் பதவிநீக்கம் செய்தார். ஆணையம் முடிவைத் திரும்பப் பெற்றது. தனியார் நிறுவனங்களில் அப்படி ஒரு கை நீள்வதற்கு இடமில்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஆன்சைட் ஆள் விலை உயர்ந்ததாகிவிட்டால், வேலையை முழுவதுமாகவே கடல் கடத்திவிடும் ஆசை நிறுவனங்களுக்குக் கூடும் என்றே நான் நினைக்கிறேன். காணொளி அழைப்பில் கே.டி. வாங்குவதைப் பெருந்தொற்றுக் காலம் எல்லோருக்கும் பழக்கிவிட்டது.

இந்த விவகாரத்தில் வேலையிழந்தவரின் கோபம் பெரும்பாலும் போய் விழுவது, எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்த இந்திய இளைஞர் மேல். அது இயல்பானது, ஆனால் நியாயமானது அன்று. அவருடைய விசா அவரை அழைத்து வந்த நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் 60 நாள்களுக்குள் வேறு முதலாளியைத் தேடாவிட்டால் பொதுவாக ஊர் திரும்ப வேண்டியதுதான். தன் எதிரே இருப்பவர் வேலையிழக்கப் போகிறார் என்பதுகூட அவருக்குச் சில நேரங்களில் தெரியாது. தெரிந்தாலும் அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த முடிவு, அவர்கள் இருவருமே பார்த்திராத ஓர் அறையில் எடுக்கப்பட்டது.

அதே வேலை இந்தியாவிலும் நிலைத்து நிற்பதில்லை என்பதை இப்போது பார்க்கிறோம். குரல்வழி வாடிக்கையாளர் சேவையில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பிலிப்பீன்ஸ் இந்தியாவை முந்திவிட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 விழுக்காடு, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தபோது, நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருப்பவர்களே பெரும்பாலும் பாதிக்கப்படுவார்கள் என்று சொல்லப்பட்டது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் ஷேடோ கட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த இளைஞர்கள் இன்றைக்கு அந்த நடுநிலையில் இருக்கும் வயதினர். சம்பளம் உயர்ந்துவிட்டது, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, தெரிந்ததெல்லாம் ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களின் பழைய அமைப்புகள் என்ற நிலை, ஆர்லாண்டோவில் அன்று இருந்தவர்களின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

வேறு விதமாகவும் இதைச் செய்திருக்கிறார்கள். 2008 ஜனவரியில் நோக்கியா, ஜெர்மனியின் போஹும் நகரிலிருந்த தொழிற்சாலையை மூடி, உற்பத்தியை ருமேனியாவுக்கும் மற்ற ஆலைகளுக்கும் மாற்றப்போவதாக அறிவித்தது. சுமார் 2,300 பேர் வேலையிழந்தார்கள். அங்கேயும் வேலையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஜெர்மானியச் சட்டத்தின்படி, இத்தகைய மூடலின்போது ஊழியர் மன்றத்தோடு பேசி ஒரு சமூகத் திட்டம் வகுத்தாக வேண்டும். வயது, பணிக்காலம், குடும்பப் பொறுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு ஈட்டுத்தொகை முடிவாக வேண்டும். போஹுமில் அந்தத் திட்டத்தின் மொத்த மதிப்பு 20 கோடி யூரோ. ஆளுக்குச் சராசரியாக 80,000 யூரோவுக்கு மேல் வருகிறது. ஊழியர் அங்கே கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த மேசையில் ஒரு விலை பேசப்பட்டது.

ஆர்லாண்டோவிலும், எடிசன் நிறுவனம் இருக்கும் ரோஸ்மீடிலும் பேசப்படாதது அதுதான். கே.டி. இல்லாமல் வேலையை மாற்ற முடியாது என்று நிறுவனம் 90 நாள்களை ஒதுக்கும்போதே, அந்த ஊழியரிடம் இருப்பது மதிப்புள்ளது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதை அவருடைய விருப்பத்தோடு, தனியே பேசிய ஒரு விலைக்கு வாங்கலாம். பணிக்காலத்துக்கு ஏற்ப அந்த விலை உயரலாம். வாயை மூடிக்கொள்வதற்கான நிபந்தனை அதோடு சேராமல் இருக்கலாம். இதற்குப் புதிய பொருளியல் எதுவும் தேவையில்லை. இரு தரப்பும் ஒரு பொருளை விற்று வாங்குவதாக ஏற்றுக்கொண்டாலே போதும். இப்போதைக்கு அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இருப்பது, 1998இல் எழுதிய அதே 60,000 டாலர்.